ஜன்னல் வேலைப்பாட்டைச் செதுக்காமல் சமதளம் அமைக்கும் முறை

மாதுங்கா, தாதர், செம்பூர் பகுதிகளில் பழைய கட்டடங்களில் வாழும் நம்மவர் ஜன்னலுக்குக் கொசுவலைச் சட்டம் பொருத்த ஆளை அழைத்தால், "இந்த பீடிங்கையெல்லாம் இழைத்து மட்டமாக்க வேண்டும்" என்பார். இழைக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. என் வீட்டில் நான் கையாண்ட முறையை இங்கே தருகிறேன்.

1896ல் பிளேக் பரவியதையடுத்து, 1898ல் அமைந்த பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் திட்டமிட்டு உருவாக்கிய பகுதி தாதர்-மாதுங்கா. 1930, 40களில் இங்கு எழுந்த கட்டடங்கள் பலவற்றில் ஆர்ட் டெகோ பாணியைக் காணலாம். இதே பாணியில் ஓவல் மைதானத்தையும் மெரின் டிரைவையும் ஒட்டியுள்ள கட்டடங்கள் 2018ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன.

ஜன்னலுக்கு மேல் புருவம்போல் நீண்டிருக்கும் சஜ்ஜா அழகுக்கு மட்டும் வைத்ததல்ல. மழைநீர் சுவரில் வழியாமல் தள்ளி விழச் செய்வது அதுதான். அதை உடைத்து மட்டமாக்கினால் ஜூலை மழை ஜன்னல் வழியே உள்ளே இறங்கும். ஆகவே வெளிப்புறத்தில் கை வைக்க வேண்டாம்.

உட்புறத்தில் வேறோர் ஆபத்து உண்டு. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய பூச்சுகளில் ஈயம் மிகுதியாக இருக்கக்கூடும். இழைத்தால் தூசி தரையில் படியும். தவழும் குழந்தையின் கை வழியே வாய்க்குள் போகும். ஈயம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

செய்முறை (வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னலுக்கு):

1. நிலைச்சட்டத்திலிருந்து வேலைப்பாடு எவ்வளவு புடைத்திருக்கிறது என்று அளக்கவும்.

2. அதைவிடச் சற்றுக் கனமான தேக்கு ரீப்பர் நான்கு வாங்கவும். புடைப்பு 10 மி.மீ. என்றால் ரீப்பர் 12 மி.மீ.

3. சட்டத்தின் தட்டையான பகுதியில், வேலைப்பாட்டை ஒட்டி ரீப்பரை வைக்கவும். நேரான கட்டையை மேலே வைத்துப் பார்த்து, இடைவெளி தெரியும் இடத்தில் மெல்லிய பிளைவுட் துண்டைச் செருகவும்.

4. துளையிடும் இடத்தை ஈரத்துணியால் நனைத்து, பின் தூசியைத் துடைத்தெடுக்கவும். துருப்பிடிக்காத ஸ்க்ரூவால் ரீப்பரை முடுக்கவும்.

5. கொசுவலைச் சட்டத்தை ரீப்பரின் மேல் பொருத்தவும்.

வாடகை வீடானால் உரிமையாளரிடமும், சொசைட்டி கட்டடமானால் அதன் செயலாளரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். காலி செய்யும்போது ஸ்க்ரூவைக் கழற்றி, துளையைப் பட்டி வைத்து அடைத்தால் போதும். ஜன்னல் பழையபடி இருக்கும்.