கொதித்தாலும் போகாதது

நான்ஸ்டிக் தவாவில் தோசை ஒட்டாமல் வர உதவுபவை ஃப்ளூரின் ரசாயனங்கள். மழைக்கோட்டில் தண்ணீர் நிற்காமல் வழிவதும் இவற்றால்தான். பிஎஃப்ஏஎஸ் என்று பெயர். எளிதில் சிதையாததால் ‘நிரந்தர ரசாயனங்கள்’ என்பார்கள். சென்னை நீர்நிலைகளிலும் ஆய்வாளர்கள் இவற்றைக் கண்டிருக்கிறார்கள்.

1. காய்ச்சினால் கிருமி சாகும், இது போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட, ரசம் வற்றினால் உப்புக் கரிப்பதுபோல இதன் அடர்த்தியும் கூடும். செப்புக் குடம், படிகாரம், யு.வி. விளக்கு எதுவும் இதனிடம் பலிக்காது. அதற்காகக் காய்ச்சுவதை விட்டுவிடாதீர்கள்.

2. தருமபுரிப் பக்கம் பல்லில் காவி ஏற்றுகிறதே, அது ஃப்ளோரைடு. பிஎஃப்ஏஎஸ் வேறு.

3. டி.டி.எஸ். மீட்டரைக் காட்டி ‘தண்ணீர் சுத்தம்’ என்றால் நம்பாதீர்கள். அது உப்பை மில்லிகிராமில் சொல்லும் கருவி. இந்த ரசாயனங்களில் பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் ஒவ்வொன்றுக்கும் அமெரிக்கா 2024-இல் வைத்த வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம். ஒரு மில்லிகிராமைப் பத்து லட்சம் கூறுபோட்டால் ஒரு கூறுதான் நானோகிராம்! நிறம், மணம், ருசி எதுவும் காட்டிக்கொடுக்காது, பரிசோதனைக்கூடம்தான் சொல்லும்.

4. ஆர்.ஓ. மெம்பரேன் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். கார்பன் ஃபில்டரும் ஓரளவு பிடிக்கும், ஆனால் நிரம்பிய பிறகு பயனில்லை. எங்கள் வீட்டில் ஃபில்டர் மாற்றிய தேதியைச் சிலிண்டர் வந்த தேதிக்குப் பக்கத்தில் காலண்டரில் குறிப்போம். ஜனவரியில் புதுக் காலண்டர் மாட்டும்போது கோட்டை விடுவோம். இப்போது மார்க்கரால் ஃபில்டர் மேலேயே எழுதிவிடுகிறேன். இன்னொன்று: சில மெஷின்களில் ருசிக்காக மெம்பரேன் வழியே போகாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் டி.டி.எஸ். கன்ட்ரோலர் இருக்கும். சர்வீஸுக்கு வருபவரிடம் அதை மூடச் சொல்லிக் கேளுங்கள்.

5. ஆர்.ஓ. வெளியேற்றும் தண்ணீரில் ரசாயனம் அதிகமாகவே இருக்கும். கழிவறைக்கு ஊற்றலாம், கீரைப் பாத்திக்கு வேண்டாம்.

6. குளிப்பதற்கும் துவைப்பதற்கும் ஃபில்டர் தண்ணீர் தேவையில்லை, தோல் வழியே ஏறுவது மிகக் குறைவு. உலை வைக்க, குழந்தைக்குப் பால் பவுடர் கரைக்க ஃபில்டர் தண்ணீரே நல்லது.

7. அமெரிக்காவின் பார்க்கர்ஸ்பர்க் பகுதியில் டுபாண்ட் ஆலையின் பிஎஃப்ஓஏ குடிநீரில் கலந்தது. சுமார் 69,000 பேரின் ரத்தத்தையும் உடல்நிலை விவரங்களையும் வைத்து ஆராய்ந்த அறிவியல் குழு, 2011-12-இல் சிறுநீரக, விதைப்பைப் புற்றுநோய்கள், தைராய்டு கோளாறு, பெருங்குடல் புண் அழற்சி, அதிக கொலஸ்ட்ரால், கர்ப்பகால ரத்த அழுத்தம் ஆகிய ஆறோடும் அதற்குத் தொடர்பு இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றது. உடம்பில் ஏறியது பாதியாகக் குறையவே சில வருடங்கள் ஆகும். ‘டீடாக்ஸ்’ பொடிக்குக் காசைக் கரியாக்காமல், தைராய்டு, கொலஸ்ட்ரால் பரிசோதனைகளைத் தள்ளிப்போடாமல் செய்யுங்கள்.

8. தாய்ப்பாலிலும் இது கொஞ்சம் வரும். அதற்காகப் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். தாய் குடிக்கும் தண்ணீரை மாற்றுங்கள்.