பொன்னணுக்கள் மோதியபோது

இரும்பை உலையிலிட்டால் உருகும். மேலும் காய்ச்சினால் ஆவியாகும். அவ்வாவியையும் விடாது சூடேற்றினால் அணுக்கருவைச் சூழ்ந்துள்ள எலெக்ட்ரான்கள் கழன்று பிரியும். அதற்கும் அப்பால் வெப்பத்தை ஏற்றிக்கொண்டே சென்றால், எஞ்சி நிற்கும் அணுக்கரு என்னவாகும்? இவ்வினாவுக்கு விடை காண எந்த உலையும் உதவாது. அத்தகைய வெம்மையைத் தாங்கும் கலம் உலகில் இல்லை.

ஆகவே அறிஞர் வேறொரு வழியை நாடினர். அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து லாங் தீவில் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடம் உள்ளது. அங்கே 3.8 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் இரு குழாய்களை அமைத்து, அவற்றினின்று காற்றை நீக்கி, பொன்னின் அணுக்கருக்களை எதிரெதிராக ஓடவிட்டனர். பொன்னைத் தேர்ந்தது அதன் விலை கருதியன்று. ஒரு பொன்னணுக்கருவில் 79 புரோட்டான்களும் 118 நியூட்ரான்களும் செறிந்திருப்பது கருதியே. வலிய காந்தங்கள் அக்கற்றைகளை வழி பிறழாது வளைத்துச் செலுத்தின. ஏறத்தாழ ஒளியின் வேகத்தை எட்டிய அவை 2000ஆம் ஆண்டில் முதன்முறையாக நேருக்கு நேர் மோதின.

அம்மோதலில் எழுந்த வெப்பம் 4 இலட்சம் கோடி டிகிரி என்று 2010இல் கணித்துரைத்தனர். கதிரவனின் நடுவிலுள்ள வெப்பத்தினும் அது இரண்டரை இலட்சம் மடங்கு மிகுதி! அவ்வெம்மையில் புரோட்டானும் நியூட்ரானும் உருவழிந்தன. அவற்றுள் சிறைப்பட்டிருந்த குவார்க்குகளும், குவார்க்குகளைப் பிணைக்கும் குளுவான்களும் விடுபட்டன. பேரண்டம் தோன்றி, ஒரு விநாடியின் பத்து இலட்சத்தில் சில பங்கு கழியும் வரை, பொருள் இந்நிலையிலேயே இருந்தது என்பர்.

விடுபட்ட துகள்கள் ஒன்றையொன்று பொருட்படுத்தாமல் வாயுவைப் போல் திரியும் என்றே பலரும் எதிர்பார்த்தனர். உண்மையை அறிவது எளிதன்று. ஒரு விநாடியைக் கோடி கோடி கோடிப் பகுதிகளாக்கினால், அதில் ஒரு பகுதிக்கும் குறைந்த நேரமே அப்பொருள் நிலைத்தது. சிதறி வந்த ஆயிரக்கணக்கான துகள்களின் தடங்களைக் கொண்டே அதன் இயல்பை உய்த்துணர வேண்டியிருந்தது.

இரு கருக்கள் சற்றே விலகி மோதும்போது, அவை ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதி வாதுமைப் பருப்பின் வடிவுடையது. அங்குள்ள பொருள் வாயுவாயின், துகள்கள் எப்பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவாய்ச் சென்றிருக்கும். அவ்வாறு நிகழவில்லை. பருப்பின் அகலவாக்கில் மிகுதியாகவும் நீளவாக்கில் குறைவாகவும் அவை பாய்ந்தன. அகலம் குறுகியதாதலின் அத்திசையில் அழுத்தம் விரைந்து தணிகிறது. எனவே உந்துதலும் அங்கே மிகுதி. ஒன்றோடொன்று இணைந்து இயங்கும் நீர்மமே அவ்வுந்துதலுக்கு இவ்வாறு இசைந்து பாயும். தன் செறிவை நோக்க நீரினும் தடையின்றி ஓடும் நீர்மம் அது என 2005இல் ஆய்வாளர் அறிவித்தனர். எதிர்பார்த்தது வாயு, கிடைத்ததோ நீர்மம்.

2010இல் ஜெனீவா நகரருகே ஈயத்தின் கருக்களை இன்னும் பன்மடங்கு ஆற்றலுடன் மோதவிட்டனர். வெம்மை மிகுந்தால் வாயுவாகுமோ என்று காத்திருந்தோர்க்கு அங்கும் நீர்மமே காட்சியளித்தது.