தசைத் தேய்வும் கேளா ஒலியும்

விழிஞ்ஞத்து மீனவர்க்கு ‘எக்கோ சவுண்டர்’ புதிய கருவியன்று. படகிலிருந்து கடலுக்குள் ஒலியைச் செலுத்தி, அது திரும்பும் நேரத்தைக் கொண்டு ஆழத்தையும் மீன் கூட்டத்தையும் அறிவிப்பது அது. அதே தத்துவத்தைக் கொண்டு, ஆயுளெல்லாம் கரைவலை இழுத்த முதியவரின் தசையையும் அளக்கலாம் என்பதை மாணவத் தோழர்கள் அறிதல் நன்று.

மூப்பில் தசை தேய்வது இயல்பே. அத்தேய்வு வலிமையைப் பறிக்கும் அளவுக்கு மிகுமாயின் அது நோய். இதற்கு 1989-இல் ‘சார்கோபீனியா’ என்று பெயரிட்டவர் இர்வின் ரோசன்பர்க். ‘தசைக் குறைவு’ என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். 2011 மக்கள் கணக்கின்படி இந்தியாவில் அறுபது வயது கடந்தோர் நூற்றுக்கு 8.6, கேரளத்திலோ 12.6. ஆகவே இஃது இந்நாட்டுக்கு அயலான செய்தியன்று.

எடை பார்த்தால் போதாதா எனலாம். போதாது. தசை கரைந்த இடத்தில் கொழுப்பு சேர்ந்தால் எடை மாறாது. இங்கேதான் கேளா ஒலி உதவுகிறது. உடலின் மென்திசுக்களில் ஒலி நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் செல்லும். 3 செ.மீ. ஆழத்திலுள்ள எலும்பைத் தொட்டுத் திரும்ப, ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பகுத்ததில் 39 பங்கே ஆகும். நல்ல தசை படத்தில் கருமையாகத் தெரியும். கொழுப்பும் நாரும் மிகுந்தால் வெண்மை கூடும். முன்தொடைத் தசையின் தடிப்பை மில்லிமீட்டரில் அளந்து, உடல் நிறை எண்ணால் வகுப்பதும் ஒரு முறை. ஈவு ஆணுக்கு 1.4-க்கும் பெண்ணுக்கு 1-க்கும் குறைந்தால் தசை குறைந்தது எனக் கொள்வர். தடிப்பு 30, நிறை எண் 25 என்றால் ஈவு 1.2, ஆணுக்கு இது குறைவே.

தேய்வின் காரணத்தை ஆராய இரத்தத்திலுள்ள ஹார்மோன் அளவு துணைசெய்யும். டெஸ்டோஸ்டிரோன் வயதோடு மெல்லக் குறையும். காலையில் மிகுந்திருப்பதால் இரத்தத்தைக் காலையிலேயே எடுப்பர். கார்ட்டிசால் மிகுந்தால் தசை கரையும். தைராய்டுக் கோளாறும் தளர்ச்சி தரும். ஆயினும் ஹார்மோன் குறைவு ஒன்றையே கண்டு தசைத் தேய்வு என முடிவுகட்டலாகாது.

அளவினும் முதன்மையானது ஆற்றல். ஆசிய அறிஞர் குழு 2019-இல் வகுத்தபடி, கைப்பிடி வலிமை ஆணுக்கு 28 கிலோவுக்கும் பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் குறைந்தால் ஐயுற வேண்டும். நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்தமர 12 நொடியோ அதற்கு மேலோ ஆனாலும் அவ்வாறே. இச்சோதனைக்குக் கடிகாரம் ஒன்றே போதும்.

இதனை அறிவதால் பயன் என்ன? வலிவிழந்த முதியவர் விழுவார். விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். பிறகு பலர் பழையபடி நடப்பதில்லை. முன்னரே கண்டால் தடுக்க வழியுண்டு. ஹார்மோன் ஊசி தசையைப் பெருக்கினும் நடையை அவ்வளவாகத் திருத்துவதில்லை. பாரம் தூக்கும் பயிற்சியும், மீன், முட்டை, பயறு முதலிய புரத உணவுமே முதல் மருந்து. விடுமுறைக்கு ஊர் செல்லும் தோழர்களே! உங்கள் பாட்டனாரும் பாட்டியாரும் எழுந்து நிற்க எத்தனை நொடி ஆகிறதென்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நேரம் மிகுந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.