காற்றில் பாதை போடும் லேசர்

மாலை 4 மணி. செம்பனைத் தோட்டத்துக்கு மேலே கருமேகம் திரள்கிறது. திடலில் பந்து விளையாடுபவர்களை ஆசிரியர் உள்ளே வரச் சொல்கிறார். கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் இது பழகிய காட்சி. உலகில் இடி மின்னல் அதிகமுள்ள நாடுகளில் மலேசியாவும் ஒன்று.

கட்டடத்துக்கு இடிதாங்கி உண்டு. ஆனால் 10 மீட்டர் உயரக் கம்பி, ஏறத்தாழ 10 மீட்டர் ஆரமுள்ள பரப்பைத்தான் காக்கும். பரந்த வெளிக்கு எவ்வளவு உயரமான கம்பியை நடுவது? கம்பிக்குப் பதிலாக ஒளியை நிறுத்த முடியுமா?

முடியும் என்று காட்டியது சுவிட்சர்லாந்தின் சான்டிஸ் மலையில் 2021-இல் நடந்த சோதனை. அங்கே பயன்பட்ட லேசர் வினாடிக்கு 1,000 ஒளித்துடிப்புகளை அனுப்பியது. ஒவ்வொன்றின் ஆற்றலும் சுமார் 0.5 ஜூல்; நீடிக்கும் நேரம் சுமார் 1 பிக்கோ வினாடி, அதாவது ஒரு வினாடியில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு.

திறன் = ஆற்றல் ÷ நேரம். சராசரியாகப் பார்த்தால் 500 வாட், ஒரு ரைஸ் குக்கர் அளவுதான். ஆனால் துடிப்பு நீடிக்கும் அந்தக் கணத்தில் திறன் 50,000 கோடி வாட்!

இவ்வளவு செறிவான ஒளி பாயும்போது காற்றே மாறுகிறது. கற்றையின் நடுவில் ஒளி மிகச் செறிவாக இருப்பதால், அங்கே காற்றின் ஒளிவிலகல் எண் சற்றுக் கூடுகிறது. ஆகவே காற்று ஒரு குவிவில்லை போல ஒளியைக் குவிக்கிறது. குவியக் குவிய, நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகளிலிருந்து எலெக்ட்ரான்கள் பிய்ந்து பிளாஸ்மா உருவாகிறது. பிளாஸ்மாவோ ஒளியை விரிக்கிறது. இந்த இரண்டும் சமன்படும்போது, ஒளி மெல்லிய இழையாக நெடுந்தூரம் செல்கிறது.

இழை சென்ற வழியில் காற்று சூடாகி விலகும். அடர்த்தி குறைந்த பாதை ஒன்று மிஞ்சும். அந்தப் பாதையில் மின்சாரம் பாய்வது எளிது. பாதை மறைவதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடும்.

சான்டிஸ் மலையில் 124 மீட்டர் உயரத் தொலைத்தொடர்புக் கோபுரம் ஒன்று இருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 100 முறை அதை மின்னல் தாக்குகிறது. கோபுர உச்சியை ஒட்டி லேசரைச் செலுத்தினார்கள். லேசர் இயங்கியபோது 4 மின்னல்கள் பதிவாயின. ஜூலை 24-இல் ஏற்பட்ட மின்னல் லேசரின் வழியிலேயே ஏறத்தாழ 50 மீட்டர் சென்றதை அதிவேகக் கேமராக்கள் படம்பிடித்தன. 2023 ஜனவரியில் இந்த முடிவு வெளியானது.

ஆனால் அந்த லேசரின் எடை 3 டன்னுக்கு மேல். நீளம் 8 மீட்டர். 4 மின்னல்கள் என்பதும் சிறிய எண்ணிக்கைதான். நம் திடலுக்கு இது வர இன்னும் காலம் ஆகும்.

அதுவரை நம் கையில் இருப்பது எளிய கணக்கு. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். மின்னலைக் கண்டதும் வினாடிகளை எண்ணுங்கள். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால், மின்னல் சுமார் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கடைசி இடி கேட்ட பிறகு 30 நிமிடம் பொறுத்தே வெளியே வாருங்கள்.

சிந்திக்க: ஒளி வினாடிக்கு 3 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். 1 பிக்கோ வினாடியில் எத்தனை மில்லிமீட்டர் செல்லும்?