மாடும் செல்வமும்

மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்னும் பொருளும் உண்டு. வள்ளுவர் கல்வி அதிகாரத்தில் அச்சொல்லை அப்பொருளிலேயே ஆண்டுள்ளார். இன்றோ, உலகிற் பெருகிய மாடுகள் செல்வமா, சுமையா என்னும் வினா எழுந்துள்ளது. அதனைச் சிறிது ஆராய்வாம்.

மாடு இரைமீட்கும் விலங்கு. அதன் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள், மனிதராற் செரிக்கவியலாத புல்லையும் வைக்கோலையும் சிதைத்து அதற்கு உணவாக்குகின்றன. அவ்வேளை உண்டாகும் மெதேன் வாயு பெரும்பாலும் ஏப்பமாக வெளியேறுகின்றது. நூறாண்டுக் கணக்கில், அது காபனீரொட்சைட்டினும் ஏறக்குறைய 28 மடங்கு வெப்பமூட்ட வல்லது. மனிதச் செயலால் விளையும் வெப்பவாயுக்களுள் நூற்றுக்கு ஏறக்குறைய 12 பங்கு கால்நடை வளர்ப்பால் நேர்வதென ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2023இல் மதிப்பிட்டது. மேய்ச்சல் நிலத்துக்காக அமேசன் காடுகள் அழிக்கப்படுவதும் உலகறிந்தது.

ஆயின், மாட்டை ஒழித்தல் இதற்கு விடையாகுமோ? ஆகாது. எல்லா மாடு வளர்ப்பும் ஒரு தன்மையதன்று. யாழ்ப்பாணத்து உழவர் வைக்கோலும் கிழித்த பனையோலையும் இட்டு மாடு வளர்த்தனர். அறுவடை முடிந்த வயலிற் பட்டி அடைத்து எருப் பெற்றனர். மனிதன் உண்ணாததை உண்டு, அவன் உண்பதைத் தந்தது அம்மாடு. சோளமும் சோயாவும் விளைத்து ஊட்டப்படும் மாடோ, மனிதனுக்கு உணவு விளைய வேண்டிய நிலத்தைத் தானே உண்கின்றது.

நம் நாடு இதனைத் துன்பத்தாற் கற்றது. 2021இல் அந்நியச் செலாவணி அருகியபோது, இறக்குமதிப் பால்மாவுக்காக மக்கள் கடைவாயிலிற் காத்து நின்றனர். அவ்வாண்டே இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட, நெல் விளைவும் வீழ்ந்தது. பாலுக்கும் எருவுக்கும் ஒருங்கே தவித்த காலம் அது. அதன் பின்னரும் மேய்ச்சல் நிலம் காக்கப்பட்டதா? மட்டக்களப்பு மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர் தம் மேய்ச்சற்றரைக்காக 2023இல் தொடர்போராட்டம் தொடங்க நேர்ந்தது. புற்றரையை இழந்த நாடு பாலைக் கடல் கடந்தே வாங்கல் வேண்டும்.

ஆதலின், தலையெண்ணிக்கையைப் பெருக்குதல் அன்று, தீனியைச் சீர்செய்தலே வழி. வைக்கோலுடன் பசும்புல்லும் சீமைக்கிளுவைத் தழையும் அளவறிந்து ஊட்டின் பால் பெருகும். ஒரு லீற்றர் பாலுக்கு வெளிப்படும் மெதேனும் குறையும். நகரில் வாழும் நாம் உள்ளூர்ப் பாலை விரும்பி வாங்குதலும், ஊரிலுள்ள நம் தரவைகளை விற்றுத் தீர்க்காது காத்தலும் கடனாகும். நாளைய பிள்ளைகளின் உணவு அத்தரவைகளையும் சார்ந்துள்ளது.