ஒரு பொருளுக்கு ஒரு பெயர்

செய்யுளில் ஒரு பொருளைப் பல பெயர்களாற் சுட்டுதல் அழகாம்; கணக்கிலோ அது கேட்டிற்கு இடமாகும். இதனை நம் அரூர் வட்டத்துக் குடியானவரும் நன்கறிவர். கிராமக் கணக்கில் சிட்டா என்பது பட்டாதாரர் வாரியாக நிலங்களைக் காட்டுவது. அடங்கல் என்பது சர்வே எண் வாரியாகச் சாகுபடியைக் காட்டுவது. ஒன்றன் பெயரை மற்றொன்றிற்கு இட்டு மனு எழுதுவோர், வேண்டாத நகலைப் பெற்றுத் திரும்ப நேரிடும்.

இக்காலத்துப் பெருங்கணக்குகள் கணினியில் தரவுத்தளங்களாக வைக்கப்படுகின்றன. அவற்றுள் போஸ்ட்கிரெஸ் என்பது, யாவரும் அதன் மூலத்தைக் கண்டு திருத்துதற்கு உரிமை பெற்ற திறமூலத் தரவுத்தளமாகும். பல நாட்டார் பல காலத்தும் எழுதிச் சேர்ப்பதால், இத்தகையவற்றின் விளக்க நூல்களில் பெயர்கள் மாறுபடுதல் எளிது. அம்மாறுபாட்டால் விளையும் தீங்கு சிறிதன்று.

போஸ்ட்கிரெஸ், ஒவ்வொரு மாற்றத்தையும் உரிய ஏட்டில் ஏற்றுமுன் ஒரு முற்குறிப்பிற் பதிந்துகொள்ளும். கணினி இடையில் நின்றுவிடினும் அக்குறிப்பைக் கொண்டே கணக்கு மீட்கப்படும். அம்முற்குறிப்புகள் வைக்கப்பெற்ற அடைவின் பெயர் முன்னர்ப் 'பிஜி எக்ஸ்லாக்' என்பதாம். 'லாக்' என்னும் சொல்லைக் கண்ட சிலர், அவை இன்றியமையாதன அல்ல என்றெண்ணித் தம் கையாலேயே அழித்தனர். தரவுகள் மீட்க வொண்ணாதபடி மறைந்தன. ஆதலின், 2017இல் வெளிவந்த 10ஆம் பதிப்பில் அவ்வடைவு 'பிஜி வால்' எனப் பெயர் மாற்றப்பட்டது. அடைவோடு நில்லாது, தொடர்புடைய கட்டளைகளின் பெயர்களும் உடன் மாற்றப்பட்டமை நோக்கத்தக்கது. ஓரிடத்திற் புதுப்பெயரும் ஓரிடத்திற் பழம்பெயரும் நிற்பின் மயக்கம் இரட்டித்திருக்கும் அன்றோ? பின்னர் 2020இல் வந்த 13ஆம் பதிப்பின் விளக்க நூலில் ஒரு சொல்லடைவும் சேர்க்கப்பட்டது. 'கிளஸ்டர்' என்பதைப் பிறர் பல கணினிகளின் கூட்டத்திற்கு வழங்குவர். போஸ்ட்கிரெஸிலோ அது தரவுத்தளங்களின் தொகுதியைக் குறிக்கும். இத்தகைய சொற்களின் பொருளை அச்சொல்லடைவு வரையறுக்கின்றது.

தமிழில் எழுதப் புகுவோர்க்கு இப்பாடம் மிகவும் வேண்டற்பாலது. கணித நூல்களில் அணியின் குறுக்கு வரிசை நிரை, நெடுக்கு வரிசை நிரல். கணினி நூல்களிலோ நிரல் என்பது கணினிக்கு இடும் கட்டளைத் தொகுப்பு. தரவுத்தளத்தில் இவ்விரு பொருளும் அடுத்தடுத்து வருவன. 'நிரலை நீக்குக' என்று மட்டும் எழுதினால், மாணாக்கன் எதனை நீக்குவான்?

இக்கவலை நமக்குப் புதிதன்று. 1916ஆம் ஆண்டிலேயே சேலத்தில் இராஜாஜி முதலியோர் அறிவியற் கலைச்சொற்களை ஒழுங்குபடுத்துதற்கென ஒரு சங்கம் கண்டனர். அரூரும் அந்நாளிற் சேலம் மாவட்டத்தின் பகுதியே. தருமபுரி தனி மாவட்டமானது 1965இலேதான்.

ஆகவே, மொழிபெயர்க்க விழையும் மாணவர் முதலிற் சொற்பட்டியல் ஒன்று வகுத்துக் கொள்க. ஒரு பொருளுக்கு ஒரு பெயரே இடுக. ஒரு பெயரை இரு பொருளுக்கு இடற்க. பெயரை மாற்ற நேரின் எங்கணும் மாற்றுக. பழம்பெயரையும் பட்டியலிற் குறித்து வைக்குக. கணினி ஏற்கும் கட்டளைச் சொற்களை மட்டும் உள்ளவாறே விடுக. நாம் இடும் பெயரை நம்பியே ஒருவன் தன் கணக்கைத் தொடுகின்றான் என்பதை மறவாதிருப்போமாக.