15-ஆம் விதியில் ‘பால்’ என்னும் சொல்

சென்ற பாடத்தில் இந்திய அரசியல் சட்டத்தின் 14-ஆம் விதியை ஆராய்ந்தோம். சட்டத்தின் முன் சமத்துவம், சட்டங்களின் சமமான பாதுகாப்பு என்னும் இரண்டும் அதில் அடங்கியுள்ளன என்றும், இவற்றுள் பின்னது 1868-ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதினான்காம் திருத்தத்தினின்று பெறப்பட்டது என்றும் கண்டோம். இப்போது 15-ஆம் விதியை எடுத்துக்கொள்வோம். சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் என்பவற்றை மட்டுமே காரணமாகக் கொண்டு அரசு எக்குடிமகனுக்கும் எதிராக வேற்றுமை காட்டலாகாது என்கிறது அவ்விதி. இவற்றுள் ‘சாதி’ என்னும் சொல்லை நம்மவர்க்கு விளக்கவேண்டிய அவசியமில்லை. ‘பால்’ என்பதுதான் விளக்கத்திற்குரியது. திருநங்கையரும் திருநம்பியரும் அச்சொல்லில் அடங்குவரா என்று கரமனை அன்பர்கள் கேட்டிருக்கின்றனர்.

அமெரிக்கத் திருத்தத்தில் ‘பால்’ என்னும் சொல் இல்லை. ஆகவே பெண்ணுக்கு எதிரான ஒரு சட்டத்தைச் சமபாதுகாப்பின் பெயரால் அந்நாட்டு உச்சநீதிமன்றம் முதன்முதலாகத் தள்ளுபடி செய்ய 1971 வரை, அதாவது 103 ஆண்டுகள் ஆயின. இறந்தவரின் சொத்தை நிர்வகிப்பதில் பெண்ணைவிட ஆணுக்கு முதலிடம் தந்த ஐடஹோ மாநிலச் சட்டம் அது. நம் அரசியல் சட்டத்திலோ அச்சொல் தொடக்கத்திலேயே இடம்பெற்றது. எனினும் சொல் இருந்தால் மட்டும் போதாது என்பதை 1981-ஆம் ஆண்டின் ஏர் இந்தியா வழக்கு காட்டுகிறது. விமானப் பணிப்பெண்களுக்கு ஆண் ஊழியரினும் முந்திய ஓய்வு வயது விதித்தது பற்றிய வழக்கு அது. 15-ஆம் விதி ‘பால் மட்டுமே’ காரணமான வேற்றுமையைத்தான் தடுக்கிறது, பாலோடு வேறு காரணமும் சேர்ந்தால் தடையில்லை என்று நீதிமன்றம் பொருள் கொண்டது. ‘மட்டுமே’ என்ற ஒரு சொல்லின் இடுக்கில் ஓர் அநீதி முழுவதும் நுழைந்துவிட்டது என்றே நாம் கருதுகிறோம். 2018-இல் நவ்தேஜ் சிங் ஜோகர் வழக்கில் நீதியரசர் சந்திரசூட் அப்பொருளை மறுத்தெழுதினார்.

இனி, கேள்விக்கு வருவோம். ஆண், பெண் என்னும் இரு கட்டங்களைத் தாண்டியவர்களைத் தமிழிலக்கணம் அறியாததன்று. தொல்காப்பியர் அவர்களை உயர்திணையில் வைத்தே பேசினார். ஆனால் சட்டப் படிவங்கள் அவர்களை நெடுங்காலம் அறியவில்லை. 2014 ஏப்ரல் 15-ஆம் நாள், தேசியச் சட்டப்பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கில், நீதியரசர்கள் கே. எஸ். இராதாகிருஷ்ணனும் ஏ. கே. சிக்ரியும் தீர்ப்பளித்தனர். 15, 16-ஆம் விதிகளில் வரும் ‘பால்’ என்பது உடற்கூற்றை மட்டும் குறிப்பதன்று, ஒருவர் தம்மை உள்ளூர எவ்வாறு உணர்கின்றாரோ அதையும் குறிக்கும் என்றனர். ஆண் என்றோ, பெண் என்றோ, மூன்றாம் பாலினர் என்றோ தம்மைத் தாமே கூறிக்கொள்ளும் உரிமை அவர்க்குண்டு. அதற்கு அறுவைச் சிகிச்சையை நிபந்தனையாக்குதல் தகாது என்றும் விதித்தனர். அடுத்த ஆண்டு நவம்பரில், சென்னை உயர்நீதிமன்றம் பிரித்திகா யாஷினிக்குச் சார்பாகத் தீர்ப்புக் கூற, அவர் 2017-இல் தமிழ்நாட்டில் காவல்துறை உதவி ஆய்வாளராகப் பணியேற்றார்.

கரமனை அன்பர்க்கு அண்மையிலுள்ள வழக்கு வேறொன்று. ஆற்றுப்பாலத்தினின்று சில மைல் தொலைவில், பாளையத்தில் உள்ள யூனிவர்சிட்டி காலேஜில் பயின்ற ஒரு திருநங்கை மாணவி, தேசிய மாணவர் படையின் பெண்கள் பிரிவில் சேர விரும்பினார். 1948-ஆம் ஆண்டின் மாணவர் படைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவில் ஆண் மாணவர், பெண் மாணவர் என்னும் இருவரே கூறப்பட்டிருந்தமையால் இடமில்லை என்றனர். கல்லூரி அவரைத் திருநங்கை என்றே சேர்த்துக்கொண்டிருந்தது. மாநில அரசு அவருக்கு அடையாள அட்டையும் அளித்திருந்தது. ஒரு வாயில் திறந்திருக்க, அதனுள்ளேயே மற்றொரு வாயில் மூடியிருந்தது. 2021 மார்ச் 15-ஆம் நாள் கேரள உயர்நீதிமன்ற நீதியரசர் அனு சிவராமன், 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி 2019-ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் தந்த உரிமையைத் தடுக்க இயலாது என்றார். தம்மைப் பெண்ணென்று கூறிக்கொண்ட அம்மாணவி பெண்கள் பிரிவின் தேர்வில் கலந்துகொள்ளலாம் என்றும், 6-ஆம் பிரிவைத் திருத்த ஆறு திங்களுக்குள் ஆவன செய்யவேண்டும் என்றும் ஆணையிட்டார். இத்தீர்ப்பு நன்றே. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அம்மாணவி முன்னரே அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். செய்துகொள்ளாத ஒருவர் அதே வாயிலில் நின்றிருந்தால் யாது நிகழ்ந்திருக்கும் என்னும் கடினமான கேள்வி அந்நீதிமன்றத்தின் முன் எழவில்லை.

பாராஜிகப் பகுதியைப் படித்த அன்பர்க்கு இங்கே ஒன்று நினைவிற்கு வரலாம். ஒரு பிக்குவுக்குப் பெண்ணுரு தோன்றியபோது, அதே உபாத்தியாயர், அதே உபசம்பதை, அதே ஆண்டுக்கணக்கு ஆகியவற்றோடு அவர் பிக்குணிகளிடம் சென்று வாழலாம் என்று பகவன் அனுமதித்ததாக விநயம் கூறுகிறது. மீண்டும் தீட்சை கேட்கவில்லை, மூப்பும் குறையவில்லை. அதே விநயத்தின் மகாவக்கத்தில் ‘பண்டகர்’ எனப்பட்டோர்க்குத் துறவு மறுக்கப்பட்டிருப்பதையும் நாம் மறைத்தல் கூடாது.

15-ஆம் விதிக்கு ஓர் எல்லையுண்டு. அதன் முதற்பிரிவு அரசைக் கட்டுப்படுத்துவது. இரண்டாம் பிரிவு கடை, உணவுவிடுதி, கிணறு, குளம், சாலை முதலியவற்றுள் நுழைவதைப் பற்றித் தனியாரையும் கட்டுப்படுத்தும். குடியிருக்க வீடு அப்பட்டியலில் இல்லை. 2017-இல் கொச்சி மெட்ரோ நிறுவனம் திருநங்கையர்க்கு வேலையளித்தது. நாடெங்கும் அதைப் பாராட்டினர். ஆயின் வாடகைக்கு வீடு கிடைக்காமையால் சில நாட்களிலேயே அவருட் சிலர் வேலையை விட்டு நீங்கினர். சம்பளம் இருந்தும் தலைசாய்க்க இடமில்லை. நம்முள் பலர் சேரியின் பெயரைச் சொன்னவுடன் கதவடைக்கக் கண்டவர்கள். இதை அவர்க்கு விரித்துரைக்க வேண்டா. 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பெற்றபோது, அதன் 3-ஆம் பிரிவு வீடு வாங்குதல், வாடகைக்குப் பெறுதல், குடியிருத்தல் ஆகியவற்றில் வேற்றுமை காட்டுவதையும் தடுத்தது. கரமனையில் அறை வாடகைக்கு விடும் அன்பர்கள் அப்பிரிவைப் படிப்பது நலம்.

அதே சட்டம், சான்றிதழுக்கு மாவட்ட மாஜிஸ்திரேட்டை நாடுமாறு விதித்தது. தாம் யார் என்று தாமே சொல்வதற்கு 2014-இல் கிடைத்த உரிமை, ஐந்தே ஆண்டில் ஓர் அலுவலகத்தின் கைச்சாத்தை எதிர்நோக்கலாயிற்று. சான்றிதழின் வலிமையை நாமும் அறிவோம். 1950-ஆம் ஆண்டின் ஆணை இந்துக்களையே தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் ஏற்றது. 1956-இல் சீக்கியரைச் சேர்த்தனர். அவ்வாண்டு அக்டோபரில் நாகபுரியில் பாபாசாகேப்புடன் தம்மம் ஏற்றவர்களின் பிள்ளைகள், மத்திய அரசின் பட்டியலில் தம் பெயர் ஏற 1990 வரை காத்திருந்தனர்.